வாசல் பூக்கடையை விட்டுவிட வேண்டாமே



போன வாரம் எங்கள் தொண்டூழியர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. திருவிழாவுக்கும் தினப் பூசைக்கும் வேண்டிய பூவை எல்லாம் மொத்தமா ஒரே குத்தகையாளரிடம் கொடுத்துட்டா செலவு குறையும், வாசல் பூக்கடை அக்காவிடம் இனி வாங்க வேண்டாம்னு. கணக்குப் பார்த்தா சரிதான். ஆனா எங்களில் பல பேருக்கு மனசு ஒப்பவில்லை. ஏன்னு சொல்றோம்.

அஞ்சடியில் ஒரு மடக்கு மேசை. அவ்வளவுதான் கடை. ஆனா நம்மில் பலருக்கு சாமி கும்பிடுறது அங்கேயே தொடங்கிடுது. மல்லிகை வாசம், ஈர வாழைநார், கை தொடுத்துக்கிட்டே இருக்க "எந்த சாமிக்கும்மா?" என்ற கேள்வி. பிள்ளையார்னா அருகம்புல், பெருமாள்னா துளசி, அம்மனுக்கு எலுமிச்சை மாலை. நம்ம பிள்ளைங்க பலர் இதைக் கத்துக்கிட்டது சமய வகுப்பில் இல்லை, அந்த மேசை ஓரத்தில்தான். பெரிய பேரங்காடிகள் காசைக் கொட்டி உருவாக்கப் பார்க்கிற அனுபவம் இதுதான். நமக்கு வாசலிலேயே இருக்கு.

விலை அதிகம்னு குறை சொல்றோம். செவ்வந்தி கேமரன் மலையில் இருந்து வருது. மல்லிகை பெரும்பாலும் இந்தியாவில் இருந்து விமானத்தில் வருது. அந்த விலை அக்கா கையில் இல்லை. மிஞ்சின பூ மறுநாள் வாடிடும், அந்த நட்டம் மட்டும் அவங்களுக்குத்தான். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டால் ஆலயக் கதவு மூடினப்போ, அந்த மேசையும் மடங்கிப் போச்சு. கதவு திறந்த பிறகும், மேசை திரும்ப விரியும் வரை வாசல் வெறிச்சோடித்தான் கிடந்தது.

கடைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. திருவிழா நாளில் விலையை அட்டையில் எழுதி வைங்க. ஆளைப் பார்த்து விலை சொன்னா, பல வருஷ நம்பிக்கை ஒரே நாளில் போயிடும்.

எங்கள் கருத்து இதுதான். தேர் அலங்காரத்துக்கு மொத்தமா வாங்கலாம். தினப் பூசைப் பூவும் உபயக்காரர் மாலையும் வாசல் கடையிலேயே இருக்கட்டும். ஒரு வாரம் முன்னாடியே எண்ணிக்கையைச் சொல்லிட்டா, அவங்களும் அளவா பூ எடுப்பாங்க, நமக்கும் விலை குறையும்.

நிர்வாகம் இன்னும் முடிவெடுக்கவில்லை. உங்கள் எண்ணத்தையும் செயலாளரிடம் சொல்லுங்க. அதுவரைக்கும், உண்டியலில் பத்து வெள்ளி போடுற நாம, பூ தொடுக்கிற கையிடம் ஒரு வெள்ளிக்குப் பேரம் பேச வேண்டாமே.

அன்புடன்,
ஆலயத் தொண்டூழியர்கள்