துலக்கிய காசு

பரணிலோ பாட்டியின் சுருக்குப் பையிலோ அகப்பட்ட ராஜராஜன் காலத்துச் செப்புக் காசை, குத்துவிளக்கைத் துலக்கும் அதே பக்தி சிரத்தையோடு புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து, புதுச் செம்புபோல் மின்னவைத்து மகிழ்கின்ற நம்மவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை; ஆயினும், அக்காரியத்தால் விளையும் நஷ்டம் ஈடு செய்ய இயலாதது என்பதைச் சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. காற்றும் ஈரமும் நூற்றாண்டுகளாகப் படியவைத்த அந்தக் கரும்பச்சைப் படலம் அழுக்கன்று. உலோகமே உருமாறிய மேற்றோல் அது. புளியின் அமிலம் அதைக் கரைக்கையில், ‘ஸ்ரீ ராஜராஜ’ என்னும் நாகரி எழுத்தின் மெல்லிய விளிம்புகளும், நிற்கும் உருவத்தின் நுட்பங்களும் கூடவே கரைகின்றன.

வெள்ளி ரூபாயின் கதி இன்னும் பரிதாபமானது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயை அச்சு அழுத்திய கணத்தில், உலோகம் விளிம்பை நோக்கிப் பாய்ந்து உண்டான நுண்ணிய வரிகளே, காசைச் சாய்க்குந்தோறும் ஒளி சக்கரம்போல் சுழலக் காரணம்; பற்பொடியிட்டு ஒரு முறை தேய்த்தால் அவ்வரிகள் அழிந்து, கீறல்களின் வெறும் பளபளப்பே எஞ்சும். அந்த ஜீவகளையை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. ஆகையால்தான் காசுகளைத் தரநிர்ணயம் செய்யும் அமெரிக்க நிறுவனங்கள், கடுமையாகத் துலக்கிய காசுக்கு எண் மதிப்பு வழங்காமல், துலக்கப்பட்டது என்று குறிக்கின்றன. சேகரிப்போரும் விலையைக் குறைத்தே கேட்கின்றனர்.

மண் ஒட்டியிருந்தால், காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுப்பது போதும். வெளிறிய பச்சைத் தூள் உதிர்ந்தவண்ணமிருந்தால் மட்டும், அது செம்பைத் தின்னும் நோயாதலால், நிபுணரிடம் காட்ட வேண்டும். மற்றபடி, கையில் வந்த கோலத்திலேயே காசை அடுத்த தலைமுறைக்குக் கொடுங்கள், அன்பர்களே.