முதலாளி யார்?

தலைநகர் தில்லியில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலிலும் மாலை வேளையில் காணக்கூடிய காட்சிதான். நிறுவனத்தின் சீருடை அணிந்து, முதுகில் பெரிய பையுடன், கைப்பேசியைப் பார்த்தபடி காத்து நிற்கும் இளைஞர்கள். அவர்களில் ஒருவரிடம் "உங்கள் முதலாளி யார்?" என்று கேட்டால் உடனே விடை வராது. நிறுவனமோ அவர்களைத் தொழிலாளர் என்று அழைப்பதில்லை, "பங்குதாரர்" என்கிறது. லாபத்தில் பங்கில்லாத, நிர்வாகத்தில் குரலில்லாத விநோதமான பங்குதாரர்கள்!

இவர்கள் சிறு கூட்டமல்ல. 2020-21-இல் இத்தகைய பணிகளில் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30-இல் இந்த எண்ணிக்கை 2.35 கோடியாக உயரும் என்றும் நீதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது.

இவர்களை முதன்முதலாகப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட மத்தியச் சட்டம், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. அந்த ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி, எதிர்க்கட்சி இருக்கைகளில் பெரும்பாலானவை காலியாகக் கிடந்த மாநிலங்களவையில், மூன்று தொழிலாளர் மசோதாக்கள் ஒரே நாளில் நிறைவேறின. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடப்பில் இருந்துவிட்டு, 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்தன.

பெயர் கிடைத்தது, தகுதி கிடைக்கவில்லை. "மரபான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே" பணிபுரிபவர் என்றே சட்டம் இவர்களை வரையறுக்கிறது. குறைந்தபட்ச ஊதியம், வேலைநேர வரம்பு, நீக்கப்பட்டால் தொழில் தகராறு எழுப்பும் உரிமை ஆகிய எல்லாமே தொழிலாளி என்ற தகுதியோடு சேர்ந்து வருபவை. எஞ்சியிருப்பது காப்பீடு போன்ற நலத்திட்டங்கள் மட்டுமே. அவற்றையும் மத்திய அரசு "வகுக்க வேண்டும்" என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, "வகுக்கலாம்" என்கிறது. நிறுவனங்கள் செலுத்த வேண்டிய பங்களிப்பு ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம். அதுவும் தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகக்கூடாதாம்.

விரும்பிய நேரத்தில் வேலை செய்யும் சுதந்திரம் இவர்களுக்கு இருக்கிறதே என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. படிப்புக்கிடையே சில மணி நேரம் வண்டி ஓட்டும் மாணவருக்கு அது பெரிய வசதிதான். ஆனால் கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? எந்த வேலை யாருக்கு என்று தீர்மானிப்பது யார்? ஒரு புகாரின் பேரில் கணக்கை முடக்கி, மறுநாள் காலை ஒருவரை வேலையற்றவராக்குவது யார்? இத்தகைய கட்டுப்பாடுகளைக் கணக்கில் கொண்டுதான், ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்லர், குறைந்தபட்ச ஊதியத்துக்கு உரியவர்கள் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

நாம் பிரிட்டன் வரை போக வேண்டியதில்லை. காலையில் ஒரு வியாபாரிக்கும் பிற்பகலில் இன்னொருவருக்கும் மூட்டை சுமந்தவர்களுக்காக மகாராஷ்டிரம் 1969-லேயே மாத்தாடித் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டு வந்தது. நிரந்தர முதலாளி இல்லை என்பது அங்கே தடையாக இருக்கவில்லை. அரசு, வியாபாரிகள், தொழிலாளர்கள் ஆகிய முத்தரப்பு வாரியத்தில் சுமப்பவரும் பதிவு செய்தார், சுமக்கச் சொன்னவரும் பதிவு செய்தார். கூலியும் அதன்மேல் விதிக்கப்பட்ட தீர்வையும் வாரியத்தின் வழியே சென்றன. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் அதிலிருந்தே வந்தன. பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில் முடிந்த காரியம் அது. ஒவ்வொரு பயணமும் ஒவ்வொரு ரூபாயும் கணினியில் பதிவாகும் இன்று முடியாது என்பது நம்பத்தக்கதல்ல.

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலங்கள் சில முன்னே நடந்துவிட்டன. ராஜஸ்தான் 2023-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025-இல் வந்த கர்நாடகச் சட்டம், ஒருவரை நீக்குவதற்கு முன் காரணத்தை எழுத்து மூலம் தெரிவித்து 14 நாள் அவகாசம் அளிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பாதுகாப்பையேனும் மத்தியச் சட்டத்தில் சேர்ப்பதற்கு ஒரு சிறிய திருத்த மசோதா போதும். அதைக் கொண்டுவர அரசு தயங்கினால், எதிர்க்கட்சிகள் இம்முறை வெளிநடப்பு செய்யாமல் அவையில் அமர்ந்து வற்புறுத்த வேண்டும்.