அப்பா செய்த டிபன்

பண்டிகை வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்துவிட்டார்கள். அதனால்தான் நியூயார்க்கில், புரூக்ளினில் இருந்த யூத நண்பன் பஸ்கா வாரத்து ஞாயிற்றுக்கிழமை டிபனுக்குக் கூப்பிட்டபோது, பேக்கரியில் சுடச்சுட ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவன் பொட்டலத்தைப் பார்த்ததும் பாம்பைப் பார்த்த மாதிரி ஓரடி பின்வாங்கினான்.

"அதை வெளியிலேயே வெச்சிடு. ப்ளீஸ்!"

விஷயம் இதுதான். எகிப்தில் அடிமைகளாக இருந்த யூதர்கள், விடுதலை கிடைத்ததும் மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பி ஓடினார்கள் என்கிறது பைபிளின் யாத்திராகமம். அந்த ஞாபகத்துக்காகத்தான் வருஷா வருஷம் பஸ்கா. இஸ்ரேலில் 7 நாள், வெளிநாடுகளில் பெரும்பாலும் 8 நாள். அத்தனை நாளும் புளித்த மாவுப் பண்டம் வீட்டுக்குள் நுழையக் கூடாது. முதல் நாளுக்கு முன்பே மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, ரொட்டித் துணுக்கு இருந்தால் எரித்துவிடுவார்கள். நான் முழு ரொட்டியோடு போய் நிற்கிறேன்!

(இட்லி கொண்டு போயிருக்கலாமே என்கிறீர்களா? அவன் அஷ்கெனாஸி, அதாவது கிழக்கு ஐரோப்பிய வழி வந்தவன். அவர்களில் பெரும்பாலோர் அந்த வாரத்தில் அரிசி, பருப்பு எதையும் தொடுவதில்லை. போதாக்குறைக்கு நாம் அதைப் புளிக்க வேறு வைக்கிறோம். மகாபாவம்.)

ரொட்டிக்குப் பதில் அவர்கள் சாப்பிடுவது மாட்ஸா. மாவும் தண்ணீரும் மட்டும். தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிஷத்துக்குள் அடுப்பில் வெந்து வெளியே வந்துவிட வேண்டும். தாண்டினால் புளிக்க ஆரம்பித்ததாகக் கணக்கு. உப்பிவிடாமல் இருக்க உடம்பெல்லாம் பொத்தல் போடுகிறார்கள். பார்வைக்கு அட்டை. ருசியும் ஏறக்குறைய அதே.

இந்த அட்டைக்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மாட்ஸா தட்ட மெஷின் வந்தபோது, 1859-ல் ஸாலமன் க்ளூகர் என்ற ரபி கூடாது என்றார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: இந்த வேலையை நம்பிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடிக்காதீர்கள். ஜோசப் ஸால் நாதன்ஸன் என்ற இன்னொரு ரபி, தாராளமாகச் செய்யலாம் என்றார். கடைசியில் யார் ஜெயித்தது என்று கேட்காதீர்கள். கடையில் சதுர சதுரமாக அடுக்கி வைத்திருக்கிறது.

எட்டு நாள் அட்டையைக் கடித்தால் பல் என்னாவது? அதற்குத்தான் மாட்ஸா ப்ரை. ஃப்ரை இல்லை, ப்ரை. யித்திஷ் வார்த்தை. நம்ம கொத்துப் பரோட்டாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

"எங்க வீட்டுல இதை அப்பாதான் செய்வார். வருஷம் பூரா கிச்சன் பக்கமே வர மாட்டார். இந்த வாரம் மட்டும் ராஜா" என்றான் நண்பன்.

அப்பா போன குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். அவர் இல்லாத முதல் பஸ்கா. எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் முட்டையை உடைத்தேன்.

முதல் முயற்சியில் மாட்ஸாவைப் பால் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஊறவைத்தான். கூழ். இரண்டாவது தடவை நனைக்கவேயில்லை. முட்டையில் மிதக்கும் ஓடு.

ஃப்ளோரிடாவில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில் கேட்டது:

"எனக்கெப்படிடா தெரியும்? அன்னிக்கு என்னைக் கிச்சனுக்குள்ளேயே விட மாட்டாரே!"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. பிறகு, "தண்ணி சூடா இருக்கும். வாய்க்குள்ள ஏதோ எண்ணுவார். அவ்வளவுதான் ஞாபகம்" என்றாள்.

அது போதுமாக இருந்தது. எங்கள் மூன்றாவது முயற்சியின் விவரம், உங்களுக்காக:

ஓர் ஆளுக்கு மாட்ஸா இரண்டு, முட்டை இரண்டு. மாட்ஸாவை இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்து, சூடான தண்ணீரில் போட்டுப் பத்து எண்ணுங்கள். உடனே வடித்து, உள்ளங்கையால் லேசாகப் பிழியுங்கள். வளைய வேண்டும், கரையக் கூடாது. உப்புப் போட்டு அடித்த முட்டையில் புரட்டி, வாணலியில் வெண்ணெய் உருகியதும் கொட்டுங்கள். கிளறினால் பொடிமாஸ், கிளறாமல் விட்டுத் திருப்பிப் போட்டால் அடை. பொன்னிறமாக ஓரம் மொறுமொறுத்ததும் இறக்குங்கள். சிலர் கோழிக் கொழுப்பில் வதக்குவார்கள். அப்போது வெண்ணெயும் பாலும் கூடாது. மாமிசத்தையும் பாலையும் அவர்கள் கலப்பதில்லை.

மேலே என்ன தூவுவது என்பதில்தான் குடும்பங்கள் பிரியும். உப்பு, மிளகுக் கட்சி ஒன்று. சர்க்கரை, பட்டைத்தூள் கட்சி ஒன்று.

"அப்பா சர்க்கரைக் கட்சி. நான் மிளகு. வருஷா வருஷம் சண்டை போடுவோம்."

ஒரு வாய் சாப்பிட்டான். "கிட்ட வந்துடுச்சு" என்றான். மிளகு டப்பாவை எடுத்தான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு அதை என் பக்கம் தள்ளிவிட்டு, சர்க்கரையை எடுத்துத் தன் தட்டில் தூவிக்கொண்டான்.

இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

ரூமுக்குத் திரும்பியதும் ஊருக்கு போன் செய்தேன். "அம்மா, உன் ரசப்பொடிக்கு மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு? சொல்லு, எழுதிக்கறேன்."

"அதெல்லாம் கண்ணளவுதான்டா" என்றாள்.

"சரி, அடுத்த மாசம் வரேன். பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கறேன்" என்றேன்.

வாசலில் வைத்த ரொட்டியை எடுக்க மறந்துவிட்டேன். அதை என்ன செய்தானோ, கேட்கத் தைரியம் வரவில்லை.