பட்டா வேறு, சாகுபடி வேறு!

விர்ச்சுவல் மெமரி பற்றி எழுதுக என்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் பரீட்சையில் கேட்டால் நம்மில் யாரும் விடமாட்டோம். பெட்டி பெட்டியாகப் படம் போட்டு, அம்புக்குறி இழுத்து, பேஜ் டேபிள் என்று பெயரும் எழுதி மார்க்கை அள்ளிவிடுவோம். ஆனால் லேப்பில் நாம் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரில், இந்த நிமிடம் ஓடுகிற ஒரு புரோகிராம் எவ்வளவு மெமரி வைத்திருக்கிறது என்று யாராவது கேட்டால்? பாதிப் பேர் ஜன்னலைப் பார்ப்போம். ரெக்கார்டு நோட்டில் பி.எஸ். கட்டளையை எழுதி, திரையில் வந்ததை ஒட்டி, கையெழுத்தும் வாங்கியாச்சு. அதில் வந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று யார் படித்தோம்?

இந்த வருடம் பேரவைக் கூட்டத்தில் ‘லேப் மெஷின் எல்லாம் பழசு, மொத்தமா மாத்தணும்’ என்று பலத்த கைதட்டலோடு பேசினார்கள். புது மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழசு எதனால் திணறுகிறது என்று அளந்து பார்த்துவிட்டுக் கேட்போம் என்கிறேன். அளப்பதற்கான கருவி லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

டெர்மினலைத் திறந்து டாப் என்று அடியுங்கள். விர்ட், ரெஸ் என்று இரண்டு பத்திகள் வரும். பி.எஸ். கட்டளையில் இதே இரண்டுக்கும் வி.எஸ்.இசட்., ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். (நீங்கள் நினைக்கும் அமைப்பு அல்ல!) முதல் தடவை விர்ட் பத்தியைப் பார்ப்பவர்கள் மயக்கம் போட்டு விழாத குறைதான். குரோம் உலாவியின் ஒரே ஒரு புராசஸுக்கு 1 டெராபைட்டுக்கு மேல்கூடக் காட்டும். மெஷினில் இருப்பதோ 4 ஜி.பி. ராம். எப்படி?

எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம், மானாவாரி பூமி. பட்டாவில் எங்கள் தாத்தா பெயரில் 4 ஏக்கர் இருக்கிறது. மழையை நம்பி அப்பா உழுது விதைப்பது ஒரு ஏக்கர், நல்ல வருஷமாக இருந்தால் ஒன்றரை. விர்ட் என்பது அந்தப் பட்டா. இவ்வளவு முகவரிகள் உனக்கு என்று கெர்னல் எழுதிக் கொடுத்தது, அவ்வளவுதான். ரெஸ் என்பது உழுத நிலம், அதாவது உண்மையில் ராமில் உட்கார்ந்திருப்பது. சி புரோகிராமில் மாலாக் போட்டு 1 ஜி.பி. கேட்டுப் பாருங்கள். விர்ட் உடனே ஏறும், ரெஸ் அசையாது. அந்த இடத்தில் ஏதாவது எழுத ஆரம்பித்த பிறகுதான் 4 கிலோபைட் கொண்ட பேஜ் ஒவ்வொன்றாக ராமில் வந்து சேரும். படம் போட்டுப் படித்த பேஜ் ஃபால்ட் இதுதான். கண்ணால் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும்.

அதற்காக விர்ட் சும்மா என்று ஒதுக்கவும் கூடாது. 32 பிட் சிஸ்டத்தில் முகவரிகள் மொத்தமே 4 ஜி.பி.தான். அங்கே பட்டா தீர்ந்தாலே புரோகிராம் படுத்துவிடும்.

ரெஸ்ஸிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லாப் புராசஸின் ரெஸ்ஸையும் கூட்டினால் மெஷினில் இருக்கும் ராமைவிட அதிகமாகக்கூட வரலாம். காரணம், சி லைப்ரரி மாதிரி பொதுவானவை ராமில் ஒரே ஒரு தடவைதான் இருக்கும், ஆனால் ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும். எங்கள் கிணறு 4 பங்காளிகளுக்குப் பொது. நாலு பேரும் ‘எங்களுக்குக் கிணறு இருக்கு’ என்றால் நாலு கிணறு ஆகிவிடுமா? பங்கு பிரித்துச் சொல்லும் எண்ணுக்கு பி.எஸ்.எஸ். என்று பெயர். ப்ராக் அடைவில், அந்தந்தப் புராசஸின் எண்ணுக்குக் கீழே எஸ்மேப்ஸ் ரோலப் என்ற கோப்பில் கிடைக்கும்.

இதெல்லாம் எதற்கு நமக்கு என்கிறீர்களா? எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னிடம் இருக்கும் லேப்டாப், சித்தி மகள் அக்காவுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எத்தனை வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது! கல்யாணமாகிப் போகும்போது அக்கா அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இந்த வருடம் அது மாட்டு வண்டியாகிவிட்டது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், “இதுக்கு ஆயுசு முடிஞ்சதும்மா, புதுசு வாங்கிக்க. இல்லேன்னா ராம் போடணும்” என்றார். அவர் சொன்ன தொகை அப்பாவுக்குப் பல நாள் கூலி.

வீட்டுக்கு வந்து அளந்தேன். பி.எஸ். கட்டளையை 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடவிட்டு, ஆர்.எஸ்.எஸ். எண்களைக் கோப்பில் சேர்த்தேன். மற்றதெல்லாம் ஏறி இறங்கின. கோப்புகளைத் தேடிப் பட்டியல் போடும் ஒரு புரோகிராம் மட்டும் ஏறியது, இறங்கவே இல்லை. காலையில் 90 எம்.பி., மதியம் 400, சாயந்திரம் 1,100. கேட்டு வாங்கிய இடத்தைத் திருப்பித் தராத கேஸ்! மெமரி லீக் என்று புத்தகத்தில் ஒரு வரியில் வருமே, அது இதுதான். அதை நிறுத்தினேன். இந்தக் கட்டுரையை அதே லேப்டாப்பில்தான் அடிக்கிறேன்.

ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணை நம்பாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. பெரிய எண்ணாக இருப்பது குற்றமில்லை, வேலை ஏறாமல் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். அதே மாதிரி ஃப்ரீ என்ற கட்டளையில் ஃப்ரீ பத்தி குறைவாக இருப்பதைப் பார்த்து ‘ராம் காலி’ என்று கத்தவும் வேண்டாம். சும்மா கிடக்கும் ராமில் கெர்னல் டிஸ்க் கோப்புகளை வைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். அவைலபிள் பத்தியைப் பாருங்கள்.

உண்மையிலேயே ராம் போதாத மெஷினை எப்படிக் கண்டுபிடிப்பது? வி.எம்.ஸ்டாட் என்று அடித்தால் எஸ்.ஐ., எஸ்.ஓ. என்று இரண்டு பத்தி வரும். டிஸ்கில் இருக்கும் ஸ்வாப் இடத்திலிருந்து உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்ற கணக்கு. ஸ்வாப் நமக்குத் தெரிந்த அடகுக் கடைதான். நகை ஒரு தடவை போய்க் கிடந்தால் சமாளிக்கலாம். காலையில் மீட்டு மாலையில் திரும்ப வைத்தால் குடும்பம் நடக்குமா?

லேப் சார் அனுமதியோடு சனிக்கிழமை மதியங்களில் நானும் இரண்டு தோழிகளும் 6 மெஷினுக்குக் கணக்கு எடுத்துவிட்டோம். அதில் 2 மெஷினில் எஸ்.ஐ., எஸ்.ஓ. பூஜ்யத்துக்கு இறங்கவே இல்லை. அந்த இரண்டுக்கும் ராம் கேட்டுப் பேரவை தாராளமாக மனு கொடுக்கலாம், எண்களோடு. மற்ற 4-இல் ராமுக்குக் குறைவில்லை, திணறலுக்கு வேறு காரணம் தேட வேண்டும். இன்னும் 14 மெஷின் பாக்கி. நோட்டு லேப் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்கு யாராவது வாங்களேன்.