பழைய பேஸ் ஒலிக்குப் பழைய கிற்றார் தேவையில்லை

எழுபதுகளின் பொப் பாடல்களையும் பைலாவையும் இன்று மேடையில் கேட்கும்போது மெட்டு சரியாக இருக்கிறது, தாளம் சரியாக இருக்கிறது, பாடுபவரின் குரலும் பொருந்திப்போகிறது. அடியில் நிற்கும் பேஸ் கிற்றார் மட்டும் வேறொரு காலத்திலிருந்து வந்து சேர்ந்ததுபோல் ஒலிக்கிறது. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் கம்பி பிரெட்டில் மோதும் உலோகச் சத்தம், விரல் நகரும்போதெல்லாம் ஒரு கீறல், அடுத்த சுரம் வந்த பிறகும் அடங்காத ரீங்காரம். இந்தக் குறையை உணர்பவர்கள் பெரும்பாலும் பழியைக் கருவியின் மீது போடுகிறார்கள். அறுபதுகளின் ஃபெண்டர் ஒன்று கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தேடுகிறார்கள். அது எட்டாத விலையில் இருப்பதால் பழைய ஒலியை உண்டாக்கித் தருவதாகச் சொல்லும் பெடல்களை வாங்குகிறார்கள். மட்டக்களப்பு, கல்லடி, ஆரையம்பதி முதல் கல்முனை வரையான வாவிக்கரை ஊர்களில் பழைய பாடல்களை வாசிக்கும் குழுக்கள் அந்தச் செலவுக்கு முன்னர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது: கையில் உள்ள சாதாரண பேஸ் கிற்றாரின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, பிளாட்வவுண்ட் எனப்படும் தட்டைச் சுற்றுக் கம்பிகளைப் பூட்டுவது.

பேஸ் கம்பி எதுவானாலும் நடுவில் ஓர் உருக்குக் கம்பி ஓடும், அதன்மேல் இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். நாடாபோல் தட்டையாக இருந்தால் பிளாட்வவுண்ட். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்ட காலத்திலிருந்து அறுபதுகளின் நடுப்பகுதி வரை மின் பேஸ் கிற்றாரில் ஏறத்தாழ எங்கும் பூட்டப்பட்டது தட்டைக் கம்பிதான். 1966 வாக்கில் இங்கிலாந்தின் த ஹூ குழுவைச் சேர்ந்த ஜோன் என்ட்விஸ்டில் பியானோவின் அடிச்சுரங்கள்போல் பளீரென்று ஒலிக்கும் கம்பி வேண்டுமென்று ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்தார். உருண்டைச் சுற்றுக் கம்பி பரவலானது அதன் பிறகு. ஆகவே நாம் 'பழைய ஒலி' என்று தேடுவதில் பெரும்பகுதி பழைய மரத்திலோ பழைய காந்தத்திலோ இல்லை, அன்று பூட்டியிருந்த கம்பியில் இருக்கிறது. டெட்ரொயிட்டின் மோட்டவுன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தட்டைக் கம்பிகளைப் பூட்டி, அறுந்தால் ஒழிய மாற்றாமல் வைத்திருந்தவர். பீட்டில்ஸ் குழுவின் போல் மெக்கார்ட்னி ஜெர்மனியின் ஹொஃப்னர் பேஸில் வாசித்ததும் இவ்வகைக் கம்பியில்தான். லொஸ் ஏஞ்சலிஸில் கரோல் கேயும் ஜமைக்காவில் பொப் மார்லியோடு வாசித்த ஆஸ்டன் பரட்டும் அப்படித்தான். கருவிகள் வேறு, ஊர்கள் வேறு, வாசிக்கும் கைகள் வேறு. கேயோ விரலை விட்டுப் பிளெக்ட்ரத்தால் மீட்டியவர். இருந்தும் இந்தப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே குடும்பத்துப் பேஸ் ஒலி தெரிகிறது என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த பொருளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

காரணம் எளிமையானது. கம்பி அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என மேல்நோக்கி அடுக்கடுக்காகத் துணைச்சுரங்களும் எழுகின்றன. தட்டை நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அதிர்வின்போது உராய்கின்றன. அந்த உராய்வு உயரமான துணைச்சுரங்களை விரைவாக விழுங்கிவிடுகிறது. அடிப்படைச் சுரமும் அதை அடுத்த சிலவும் தப்பி நிற்கின்றன. எனவே சுரத்தின் தொடக்கம் 'தும்' என்று திரண்டு வருகிறது, விரைவில் அடங்கியும் விடுகிறது. மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் விரலின் கீறலும் எழுவதில்லை.

இந்தத் 'தும்' மட்டக்களப்புக்கு வெளியிலிருந்து வந்த ஒலி அல்ல. வடமோடி, தென்மோடிக் கூத்துக் களரியில் ஆட்டத்தைத் தாங்குவது மத்தளம். அதன் இடந்தலையில் விழும் அடி ஒரு கணம் நெஞ்சில் பட்டு, சல்லரிக்கும் அண்ணாவியாரின் குரலுக்கும் வழிவிட்டு ஒதுங்குகிறது. கீழ்ச்சுரம் என்றால் அது நீண்டு ஒலிக்காது, ஊன்றிவிட்டு விலகும் என்பது இந்த மண்ணின் காது பழகிய இலக்கணம். பறங்கியர் சமூகத்தின் கப்ரிஞ்ஞாவும் இதையேதான் கேட்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்தே ஆண்டுகளில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்களுடைய மொழியின் கிரியோல் வடிவமும் திருமண வீட்டு ஆட்டமும் இங்கே தங்கிவிட்டன. கென்னத் டேவிட் ஜாக்சன் போன்ற வெளிநாட்டு ஆய்வாளர்கள் அந்த ஆட்டப் பாடல்களைத் தேடிவந்து பதிவுசெய்திருக்கிறார்கள். வயலின் முன்னே ஓட, கிற்றாரும் தோற்கருவியும் ஆறு தட்டுத் தாளத்தை விரட்டிச் செல்லும் இசை அது. அந்த வேகத்தில் பேஸ் முதலாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் ஊன்றுகிறது. ஊன்றிய சுரம் அடுத்த தட்டுவரை நீண்டு கிடந்தால் தாளம் சேறாகிவிடும். கப்ரிஞ்ஞாவின் உறவான பைலாவும், பைலாவின் துள்ளலை எடுத்துக்கொண்டு ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடிப் பரப்பிய தமிழ்ப் பொப் பாடல்களும் இதே தேவை உடையவை. தட்டைக் கம்பியை நான் வலியுறுத்துவது பழமைப் பற்றினால் அல்ல. இந்த இசையின் அமைப்பு கேட்கும் வேலையை அது செய்கிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' முழுவதிலும் நரம்பையும் சுரத்தையும் கணக்கோடு வைத்து ஆராய்ந்தார். தந்தியைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்த கரையில், பூட்டும் கம்பியைப் பெட்டியின் நிறம் பார்த்து எடுப்பது தகாது.

காற்றும் இதே பக்கம்தான் நிற்கிறது. வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் வாவி ஒருபுறம், வங்கக் கடல் மறுபுறம். இடையிலுள்ள ஊர்களில் உப்பும் ஈரமும் ஆண்டு முழுவதும் காற்றில் இருக்கின்றன. உருண்டைச் சுற்றுக்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் வியர்வையும் தோல் அழுக்கும் தேங்குகின்றன, அங்கிருந்து கறள் தொடங்குகிறது. கம்பியின் பளபளப்பான ஒலி, அதாவது எதற்காக அதை வாங்கினோமோ அது, முதலில் போய்விடுகிறது. வெந்நீரில் அவித்து அழுக்கெடுத்து மீண்டும் பூட்டும் வழக்கம் உலகெங்கும் இதனால்தான் தோன்றியது. தட்டைக் கம்பியில் அழுக்குத் தங்கும் பள்ளம் இல்லை. கறள் அதற்கும் பிடிக்கும், வாசித்து முடித்ததும் துணியால் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் ஒலி பளபளப்பை நம்பி நிற்காததால் மூப்பு அதைக் கெடுப்பதில்லை. சில வாரங்களில் புதுச்சத்தம் தணிந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் நிற்கும். கடையில் இதன் விலை ரவுண்ட்வவுண்டைவிடக் கூடுதல்தான், சில வகைகள் இரட்டிப்பையும் தாண்டும். 2022இன் டொலர் நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டுப் பொருளுக்கு நாம் கொடுக்கும் ரூபாயை நினைத்தால் அந்த வேறுபாடு உறைக்கத்தான் செய்யும். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை வாங்கும் மலிவான கம்பியையும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்கும் விலையுயர்ந்த கம்பியையும் மொத்தச் செலவில் ஒப்பிட வேண்டும். பிரெட்டுகளைத் தட்டை நாடா மெதுவாகவே தேய்க்கும் என்பதால் பழுதுபார்ப்புச் செலவும் குறைகிறது.

கிற்றாரில் உள்ள ரோன் திருகியைக் குறைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாதி தூரம் போகலாம். அந்தத் திருகி உயர் அலைவரிசைகளை வெட்டும், ஆகவே கூச்சல் தணியும். ஆனால் கம்பி எப்படி அதிர்கிறது என்பதை அது தொடுவதில்லை. சுரம் முன்போலவே நீண்டு கிடக்கும். தொடக்கத்தின் கூர்மை மழுங்குமே தவிர 'தும்' என்ற திரட்சி வராது. உள்ளதை மூடுவதற்கும் வேறொன்றை உண்டாக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. இதைவிடப் பலமான மறுப்பு ஒன்றை ஒலிப்பதிவாளர்கள் எழுப்புகிறார்கள்: இன்று பாட்டைக் கேட்பது கைப்பேசியில், அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் தட்டைக் கம்பி காணாமலே போய்விடும் என்கிறார்கள். பேஸின் தடித்த கம்பி எழுப்பும் அடிப்படைச் சுரம் 41 ஹேர்ட்ஸ். அதைக் கைப்பேசி எந்தக் கம்பியிலிருந்தும் தராது. ஆனால் 82, 124, 165 என அதன் மேலேறும் துணைச்சுரங்களில் எட்டுகிறவற்றைக் கொண்டு, கேளாத அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. அந்த நடுத்தரத் துணைச்சுரங்கள் தட்டைக் கம்பியிலும் இருக்கின்றன, அது இழப்பது அவற்றுக்கு வெகு மேலே இருப்பவற்றை. மோட்டவுன் நிறுவனத்தார் தங்கள் பாடல்களைக் காரின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டுச் சரிபார்த்தவர்கள். தட்டைக் கம்பியில் வாசித்த அந்தப் பேஸ், இடைஞ்சலான ஏ.எம். வானொலி வழியாக உலகம் முழுவதும் கேட்டது. மேடையில் பேஸ் தெளியவில்லை என்றால் அடிப்பகுதியை ஏற்றுவதை விட்டுவிட்டு, அம்ப்ளிஃபயரின் நடுத்தர அலைவரிசையைச் சற்று உயர்த்திப் பார்க்க வேண்டும்.

இளையராஜாவின் பாடல்களை முன்வைத்து இன்னொரு மறுப்பும் வரும். அவருடைய குழுவில் நெடுங்காலம் வாசித்த சசிதரனின் பேஸ் வெறும் ஊன்றுகோல் அல்ல, தனியே பாடும் ஒரு குரல்; அப்படி ஓடும் வரிகளுக்குத் தட்டைக் கம்பி மந்தமாக இருக்கும் என்பார்கள். ஓட்டத்துக்கும் பளபளப்புக்கும் அவ்வளவு நெருங்கிய தொடர்பு இல்லை. 1971இல் வந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஒன்' இசைத்தட்டில் ஜேமர்சன் வாசித்ததைவிட ஓயாமல் ஓடும் பேஸ் வரிகளைக் காண்பது அரிது. அவை தட்டைக் கம்பியில் பிறந்தவை. அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் ஹெவி மெட்டல் வேகத்தில் விரலோட்டுவதும் தட்டைக் கம்பியில்தான். கம்பியைப் பெருவிரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் முறைக்கு மட்டும் நான் வாதாட மாட்டேன். அதற்கு உருண்டைச் சுற்றுத்தான் வேண்டும், எண்பதுகளுக்குப் பிந்திய பல திரைப்பாடல்களுக்கும் அதுவே பொருத்தம். குழுவில் இரண்டு பேஸ் கிற்றார்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு வகையைப் பூட்டலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால், அந்தக் குழு மாலை முழுவதும் அதிகமாக வாசிப்பது எதை என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கட்டும். பைலாவும் பழைய பொப்பும் எம்.எஸ்.வி. பாடல்களுமே கூடுதல் என்றால் முடிவு தெளிவு.

தட்டைக் கம்பிகளிலும் எல்லாம் ஒன்றல்ல. ஜேமர்சன் பூட்டிய 52 முதல் 110 வரையான தடிமன், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு, மலிவான கருவியின் கழுத்தை முன்னோக்கி வளைத்துவிடக்கூடும். கம்பி உட்காரும் வெட்டுகளையும் அகலமாக்க வேண்டிவரும். புதிதாகத் தொடங்குபவருக்கு 45 முதல் 105 வரையான தொகுதியே போதும். வியன்னாவின் தோமாஸ்டிக் கம்பிகள் இன்னும் மெலிந்து தளர்வாக நிற்பவை, விரலுக்கு இதமானவை, ஆனால் விலை அதிகம். டி'அடாரியோவின் குரோம்ஸ் தட்டை வகையிலேயே சற்றுப் பிரகாசமாக ஒலிப்பது. இரு காலத்துப் பாடல்களையும் ஒரே கருவியில் வாசிக்க வேண்டியவருக்கு அதையே பரிந்துரைப்பேன். ஹொஃப்னர் போன்ற 30 அங்குல அளவுக் கருவிக்கு அதற்குரிய குட்டைத் தொகுதியைக் கேட்டு வாங்க வேண்டும், 34 அங்குலத்துக்கான கம்பியை வெட்டிப் பூட்டக்கூடாது. ஆணியில் சுற்றப்போகும் நுனியை நறுக்குவதற்கு முன் கம்பியை அந்த இடத்துக்குச் சற்று முன்பாகச் செங்கோணமாக மடித்துக்கொள்ள வேண்டும். மடிக்காமல் நறுக்கினால் தட்டை நாடா நுனியிலிருந்து பிரிந்து, வாங்கிய அன்றே கம்பி வீணாகும். பூட்டிய பின் ஒரு நாள் விட்டு, கழுத்துக்குள் இருக்கும் உருக்குக் கோலைக் கால் திருகல் அளவில் மட்டும் சரிசெய்து பார்க்கலாம். அப்போதும் சுரம் நீளமாகத் தோன்றினால், பழைய ஃபெண்டர் கருவிகளில் பாலத்தின் மூடிக்கு அடியில் நுரைப்பட்டை வைத்திருந்ததை நினைவில் கொள்ளலாம். பாத்திரம் கழுவும் ஸ்பொன்ச்சிலிருந்து விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, பாலத்தை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகினால் அதே வேலை நடக்கும்.