நான்சன் பெற்ற வெற்றி

உலகோர் புகழை அளக்குங் கோல் பெரும்பாலும் ஒன்றே. மலையுச்சியில் முதலில் ஏறியவர் யார், எட்டாத இடத்தை முதலில் எட்டியவர் யார் என வினவி, அவர்க்கே மாலை சூட்டுவர். இக்கோல் கொண்டு அளப்பின், நார்வே நாட்டுக் கடலாராய்ச்சி அறிஞர் பிரித்யோப் நான்சன் தோற்றவரே ஆவர். அவர் வடதுருவத்தை அடைந்திலர். ஆயினும் துருவக் கடலைப் பற்றிய அறிவுக்கு அடிகோலியவர்களுள் அவர் தலைசிறந்தவர். ஆதலின், அக்கோலே கோணலுடையது எனல் தகும்.

நான்சன் 1861-ஆம் ஆண்டில், இன்று ஆஸ்லோ எனப்படும் நகரின் அருகே பிறந்தார். விலங்கியல் பயின்று, நரம்பு மண்டல ஆராய்ச்சிக்காக 1888-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே தோழர் ஐவருடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தார்.

இதற்கு முன்னர், 1881-இல், ‘ஜெனட்’ என்னும் அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியால் நெரிக்கப்பட்டு மூழ்கியது. மூன்றாண்டுகள் கழித்து அதன் பொருள்கள் சில, நெடுந்தொலைவிலுள்ள கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே காணப்பட்டன. துருவக் கடலின் குறுக்கே பனி நகர்ந்து செல்கின்றது என்பதற்கு இது சான்று என நான்சன் துணிந்தார். அங்ஙனமாயின், பனியோடு பொருது அழிவதினும், ஒரு கலத்தை அப்பனியிலேயே சிக்கவைத்து, அது செல்லும் வழியே செல்லுதல் நன்று என்பது அவர் கருத்து. துருவப் பயணத்தில் தேர்ந்தோர் பலர் இதனைத் தற்கொலைக்கு ஒப்பானது என்று இகழ்ந்தனர். நான்சன் சினந்திலர், கலத்தைக் கட்டலானார். பனி நெருக்குங்கால் நொறுங்காமல் மேலெழும்புமாறு உருண்ட வயிறுடையதாய் அமைந்த அக்கலத்திற்குப் ‘பிராம்’ என்று பெயர். முன்னோக்கி என்பது அதன் பொருள்.

1893-இல் பதின்மூவரோடு புறப்பட்ட பிராம், அவ்வாண்டிலேயே பனியிற் பிணிப்புண்டது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர்கள் இடைவிடாது அளந்தனர். ஆழமற்றது எனக் கருதப்பட்ட அக்கடல் 3,000 மீட்டருக்கு மேல் ஆழமுடையதாய் இருந்தது. கொண்டுசென்ற அளவுக் கயிறு எட்டவில்லை. உடனே கப்பலின் எஃகு வடத்தைப் பிரித்து, புதுக்கயிறு முறுக்கி அளந்தனர். குளிர்ந்த மேனீரின் கீழே அட்லாண்டிக் கடலின் வெப்பமிகு நீர் பரவியிருத்தலையும் கண்டனர். பனி, காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகிச் செல்லுதலை நான்சன் நோக்கினார். புவியின் சுழற்சியே காரணம் என உய்த்துணர்ந்தார். பின்னர் சுவீடன் நாட்டு எக்மன் அதனைக் கணித முறையால் நிறுவினார்.

நான்சனுக்கும் புகழாசை இல்லாமலில்லை. கலம் துருவத்தைத் தொடாது என்று கண்டதும், 1895 மார்ச்சு மாதத்தில் ஜொஹான்சன் என்னும் தோழரோடு நாய் பூட்டிய சறுக்குவண்டிகளில் துருவம் நோக்கி விரைந்தார். தலைவன் கலத்தை விட்டு நீங்குதல் தகுமோ என்று வினவுவோர் உளர். அவ்வினா நேரியதே. ஆயினும் அதன்பின் அவர் செய்தது நினைக்கத்தக்கது. 86 பாகை 14 கலை வரை சென்றபோது, எதிரே பனிமேடுகள் முடிவின்றிக் கிடந்தன. அதுவரை எம்மனிதரும் அத்துணை வடக்கே சென்றதில்லை. மேற்செல்லின் மீளல் அரிது என்றுணர்ந்து, அவர் திரும்பினார். இருவரும் ஒரு தீவில் கற்குடில் அமைத்துக் குளிர்காலத்தைக் கழித்து, 1896-இல் நாடு மீண்டனர். சின்னாட்களில் பிராமும் கேடின்றி வந்து சேர்ந்தது. ஓருயிரும் மாய்ந்திலது.

முன்செல்லுதற்கு வேண்டும் துணிவினும், புகழ் கைக்கெட்டும் நிலையில் திரும்புதற்கு வேண்டும் துணிவு பெரிது. உயிரைப் புகழினும் மேலாக மதித்த அவ்வுள்ளமே பிற்காலத்தில் போர்க்கைதிகள் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோரைத் தத்தம் நாடு சேர்ப்பித்தது. நாடிழந்தோர்க்கு ‘நான்சன் கடவுச்சீட்டு’ வழங்கச் செய்தது. 1922-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. 1930-இல் அவர் மறைந்தார்.

2019-இல் ஜெர்மானிய ஆய்வுக்கப்பலாகிய ‘போலார்ஸ்டெர்ன்’ துருவப் பனியிற் பிணிப்புண்டு மிதந்து சென்று ஆராய்ந்தது. அது சென்றது நான்சன் காட்டிய நெறியே. துருவத்தை எட்டாதவர் வகுத்த வழி, நூறாண்டு கடந்தும் அறிஞர்க்கு வழியாய் நிற்கின்றது. எங்கே சென்றார் என்பதைக் காட்டிலும் எதனை அறிந்து மீண்டார் என்று வினவுதலே ஓர் ஆராய்ச்சியாளரை அளக்கும் நேரிய முறை என்பதை மாணாக்கர் உளங்கொள்வாராக.