வீடு இருக்க விடுதியோ?

மெல்பேர்ணில் இருந்து 800 கிலோமீற்றருக்கும் மேல் வாகனமோட்டி வெஸ்ட்மீட் வரும் குடும்பம் விடுதியில் தங்கப்போவதாகச் சொன்னால், "வீடு இருக்க விடுதியோ?" என்ற மனத்தாங்கல் உடனே எழுகின்றது. ஊரில் விறாந்தையில் பாய் விரித்துப் பத்துப்பேர் உறங்கிய வழக்கத்தின் மிச்சம் அது. வைத்தியசாலையில் இரவுப்பணி முடித்து, இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில் பகலில் உறங்கவேண்டிய மருமகளுக்கோ அவ்வழக்கம் தண்டனையாகிவிடும். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

எனவே விடுதியில் தங்குவது தவறன்று. எங்கே தங்குவது என்பதில்தான் பலர் தவறிவிடுகின்றனர். துறைமுகக் காட்சிக்காக ஏறத்தாழ 25 கிலோமீற்றர் அப்பால், சிட்னி நகர மையத்தில் அறை எடுப்போரின் பிள்ளைகளுக்கு அம்மம்மா ஒருநாள் மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகின்றார். வெஸ்ட்மீட்டிலேயோ, தொடருந்தில் அடுத்த தரிப்பிடமான பரமட்டாவிலேயோ தங்கினால் (2024 டிசெம்பரில் இருந்து இலகு தொடருந்தும் ஓடுகின்றது) காலைத் தேநீருக்கே அவரிடம் போய்விடலாம். மாலையில் அவருடன் மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்கும் செல்லலாம். இங்கு பிறந்த பிள்ளையின் காதில் ஊர்த்தமிழ் விழுவது இத்தகைய அவசரமற்ற பொழுதுகளில்தான். வார இறுதித் தமிழ்ப் பள்ளியால் மட்டும் அது ஆகாது.

வைத்தியசாலைகளில் இருப்போரின் உறவினரும் இதே அறைகளைத் தேடுவதால், நத்தார் விடுமுறைக்கு முற்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். பதிவு செய்யுமுன் அம்மம்மாவுக்குத் தொலைபேசியில் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது. வந்திறங்கிய பின் சொன்னால்தான் அவர் மனம் நோகும்.